சம்மதம் சொன்னவரும் பின்சக்கரத்து நட்டும்

சில ஆண்கள் ‘கூடாது’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கிக்கொள்வார்கள். அவள் கணவன் அவ்வளவு விவரம் கெட்டவன் இல்லை. வேலைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தி, “இதென்ன கேள்வி? தாராளமா போ. நான் என்ன அந்தக் காலத்து ஆளா?” என்றான். அதோடு விடவில்லை. மறுநாள் அலுவலகத்தில் நாலு பேரிடம், “என் வீட்டுக்காரி வேலைக்குப் போறா, நான்தான் போகச் சொன்னேன்” என்று சொல்லியிருக்கிறான். மூன்று பேர் பாராட்டினார்களாம். நாலாவது ஆள் அந்த நேரம் போனில் இருந்தாராம். அந்த நாலாவது பாராட்டு தவறிப்போன வருத்தத்தை இரவு அவளிடமே சொல்லித் தேற்றிக்கொண்டான்.

வேலை ஒரு இரத்தப் பரிசோதனை லேபில். காலை ஆறரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து, பத்து மணிக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். படித்ததும் அந்தப் படிப்புதான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் செய்ததும் அதே வேலைதான். பிறகு எட்டு வருஷம், படுக்கையில் கிடந்த மாமியாரின் கை நரம்பைத் தவிர வேறு யார் நரம்பையும் அவள் தொடவில்லை. மாமியார் போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போது யாராவது முழங்கை மடக்கிப் பேசினால்கூட அவள் கண் முகத்துக்குப் போகாமல் நரம்பைத்தான் தேடியது. அவ்வளவு ஆசை.

லேபை நடத்தும் அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “சொந்தமா வண்டி வேணும். அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை காலைல ஆறரைக்கு வண்டியோட வந்து நில்லுங்க. வரலைன்னா லிஸ்ட்ல அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவேன். மனசுல வச்சுக்காதீங்க” என்றார். அவள் அதைத் தவிர வேறு எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

வண்டி இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமனார் வாங்கி, மகனுக்குக் கொடுத்து, மகன் ஸ்கூட்டர் வாங்கியதும் மாடிப்படிக்கு அடியில் தள்ளப்பட்ட மோட்டார் சைக்கிள். மாடிப்படியில் ஒரு விரிசல் உண்டு. அத்தனை பெரிய வண்டியில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, அதன் வழியாகச் சொட்டும் மழைத்தண்ணீர் பின்சக்கரத்தின் நடுவிலேயே குறிபார்த்து விழும். மூன்று மழைக்காலம் விழுந்தது. அவள் பேட்டரி மாற்றினாள், பிளக்கைச் சுரண்டினாள், பெட்ரோல் வருகிற குழாயை ஊதி ஊதி வாயெல்லாம் நாறிப்போனாள். பத்தொன்பதாவது உதையில் வண்டி உறுமியது. மிச்சம் ஒன்றுதான். பின்டயர் பாளம் பாளமாக வெடித்துக் காற்று நிற்காமல் கிடந்தது.

அதற்கும் கணவன் வழி செய்துவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, புது டயர் வாங்கி வந்தான். கூடத்தில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடமாகப் பார்த்து, டி.வி.க்குப் பக்கத்தில் சாத்தி வைத்தான். யார் வந்தாலும், “அதுவா? அவளுக்குத்தான். வேலைக்குப் போறா இல்ல” என்று ஆரம்பிக்க வசதியாக இருந்தது. மூன்று வாரமாக டயர் அங்கேதான் இருக்கிறது. அதன் மேல் சுற்றிய காகிதம்கூடப் பிரியவில்லை.

ஏனென்றால், டயரை மாற்றச் சக்கரம் வெளியே வர வேண்டும். சக்கரம் வர, அதன் நடுவே ஓடுகிற அச்சு போல்ட்டை உருவ வேண்டும். போல்ட்டை உருவ, அதன் முனையில் இருக்கிற நட்டைக் கழற்ற வேண்டும். நட்டு துருப்பிடித்து போல்ட்டோடு ஒட்டி ஒரே இரும்பாகிவிட்டது. கழலவில்லை.

“நீ ஏன் கையை அழுக்காக்கிக்கற? தெருமுனை மெக்கானிக்கிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு வந்து கழட்டித் தர்றேன்னான்” என்றான் கணவன். இது முதல் வாரம். “ஆளு ரொம்ப பிஸி போல. மறுபடியும் சொல்லிட்டு வந்திருக்கேன்.” இது இரண்டாம் வாரம். மூன்றாம் வாரம் அவனே நொந்துபோய், “இந்த மெக்கானிக்குங்களே இப்படித்தான். ஒருத்தனுக்கும் வாக்குச் சுத்தம் கிடையாது” என்று தலையில் அடித்துக்கொண்டான். அவளும் சேர்ந்து, முகம் தெரியாத அந்த மெக்கானிக்கை மனசுக்குள் மூன்று வாரம் வறுத்தெடுத்தாள்.

மாமனார் இப்படியெல்லாம் சுற்றி வளைக்கத் தெரியாதவர். முதல் நாளே, “வேணாம். காலங்காத்தால ஊரான் வீட்டுக் கதவைத் தட்டி ஊசி குத்தப் போறியா? எனக்குப் பிடிக்கல, சொல்லிட்டேன்” என்றார்.

“எனக்குப் பிடிச்சிருக்கு மாமா. நானும் சொல்லிட்டேன்” என்றாள் அவள்.

இரண்டு நாள் இருவருக்கும் பேச்சு இல்லை. மூன்றாம் நாள், கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார். அவள் சுவருக்குப் பதில் சொன்னாள். நாலாம் நாள் எல்லாம் பழையபடி ஆனது. அவர் தினம் ஒரு தடவை வேண்டாம் என்பார், அவள் தினம் ஒரு தடவை போவேன் என்பாள், பிறகு அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள்.

மாமனாரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அங்கே அவருக்குப் பெயரே ‘இன்னொரு சுத்து’. எந்த நட்டாக இருந்தாலும், போதும் என்று மற்றவர்கள் ஸ்பேனரை எடுத்த பிறகு, இவர் போய் இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு வருவார். கழற்ற முடிகிற நட்டு, ஒழுங்காக இறுக்காத நட்டு என்பது அவர் கொள்கை. ஓய்வு பெற்று வந்தும் கை சும்மா இருக்குமா? குளியலறைக் குழாயை அவர் மூடினால் அடுத்த ஆள் குளிக்க முடியாது. தேன் பாட்டிலை அவர் மூடினால் அந்தத் தேன் அத்தோடு சரி. ஒரு தடவை இருமல் மருந்தின் மூடியை யாராலும் திறக்க முடியாமல், இருமல்தான் சலித்துப்போய்த் தானாகப் போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வண்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளியபோதும், “நிக்கிற வண்டிதானேன்னு நட்டை லூசா விடக் கூடாது” என்று எல்லா நட்டையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

சனிக்கிழமை மாலை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வாக்குச் சுத்தமில்லாத அந்த மனிதனை நேரில் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று தெருமுனைக்கு நடந்தாள். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, எண்ணெய் குடித்த தரை, பாதி பிரித்துப் போட்ட மூன்று வண்டிகள். நடுவில் சின்ன வயசு மெக்கானிக் குந்தி உட்கார்ந்து ஒரு செயினைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“எங்க வீட்டுக்காரர் மூணு வாரமா உங்களைக் கூப்பிடறாரு. வர்றேன்னு சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தறீங்களே, இது நியாயமா?” என்றாள், வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த குரலில்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். “எந்த வீட்டுக்காரரு அக்கா?”

அவள் அடையாளம் சொன்னாள். நீல ஸ்கூட்டர், கண்ணாடி, முன்பாக்கெட்டில் இரண்டு பேனா.

“அவரா? தெரியுமே. வாரா வாரம் ஸ்கூட்டருக்குக் காத்து அடிக்க வருவாரு. நல்லாப் பேசுவாரு. நீங்க வேலைக்குப் போறதக்கூட சொன்னாரு, அவர்தான் அனுப்பறாராமே” என்றான். “பழைய வண்டி, சக்கரம், நட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லலையேக்கா. சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை, அன்னைக்கே வந்திருப்பேனே.”

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஒரு பாவமும் அறியாதவனைத் திட்டிய வெட்கம். மூன்று வாரம் ஒரு மனுஷன் சர்க்கரையாகப் பேசியதை நம்பிய வெட்கம். கோபம் அதற்குப் பின்னால் சாவகாசமாக வந்து சேர்ந்தது.

மெக்கானிக்குக்கு மறுநாள் கடை விடுமுறை, வெளியூர் போகிறான். இன்று இரவுக்குள் மூன்று வண்டியையும் முடித்தாக வேண்டும். ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு ரிங் ஸ்பேனரையும், அதன் பிடியில் செருகி நெம்புவதற்கு ஒரு முழ நீள இரும்புக் குழாயையும், சின்ன டப்பாவில் துரு இளக்கும் எண்ணெயையும் கொடுத்தான்.

“ராத்திரியே நட்டுல எண்ணெய் விட்டு ஊற வைங்க. காலைல எடுத்த எடுப்புல கழட்டற பக்கம் திருப்பாதீங்க. முதல்ல இறுக்கற பக்கம் பலமா ஒரு இழுப்பு. துரு உடையணும், அதுதான் கணக்கு. எந்தப் பக்கம் உடைஞ்சாலும் உடைஞ்சதுதான். அப்புறம் தானா வரும்” என்றவன், அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆனா நல்ல பலம் வேணுங்கா” என்றான். அவள் எடை நாற்பத்தாறு கிலோ.

வீட்டுக்கு வந்து அவள் சண்டை போடவில்லை. போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். “ஐயையோ, சொல்லலையா நான்? சொன்ன மாதிரியே இருக்கே” என்று கன்னத்தில் கை வைப்பான். அவள் அழுவாள், அவன் சமாதானம் செய்வான், ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். சண்டைக்கு ஒரு நாள் முழுசாக வேண்டும். அவளிடம் இருந்ததே ஒரு நாள்தான்.

ஞாயிறு காலை கணவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினான். அலுவலக நண்பர் வீடு மாற்றுகிறார், இவன் இல்லாமல் பீரோ நகராதாம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “மெக்கானிக் இன்னைக்குக் கண்டிப்பா வர்றேன்னிருக்கான். நீ அதைத் தொடாத. அப்படியே வரலைன்னாலும் மனசைத் தளர விடாத. இந்த வேலை இல்லைன்னா இன்னொரு வேலை. நான் இருக்கேன்ல?” என்றான்.

“இருக்கீங்க” என்றாள் அவள்.

ஸ்கூட்டர் சத்தம் தெருவைத் தாண்டியதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போனாள். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஒரு பக்கம் போல்ட்டின் தலையை வீட்டு ஸ்பேனரால் அடைகொடுத்து, மறுபக்கம் நட்டில் மெக்கானிக்கின் ஸ்பேனரை மாட்டி, குழாயைச் செருகினாள். மெக்கானிக் சொன்னபடியே இறுக்கும் பக்கம் இழுத்தாள். அசையவில்லை. கழற்றும் பக்கம் இழுத்தாள். அந்தப் பக்கமும் அசையவில்லை. குழாய் மேல் ஏறி நின்றாள். நாற்பத்தாறு கிலோவை நட்டு ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. குதித்தாள். ஸ்பேனர் வழுக்கி, முட்டி தரையில் இடித்து, விரல் கணுக்களில் தோல் உரிந்தது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். சுத்தியலால் தட்டினாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகரும்தான். அம்மியை யாரும் மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்னொரு சுற்று இறுக்கி வைக்கவில்லையே.

சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். “வினிகர் ஊத்துங்க. நான் வீடியோல பாத்தேன். இல்லைன்னா மெழுகுவர்த்தி உருக்கி விடுங்க. ஒருத்தர் சோடா ஊத்தியே கழட்டறாரு” என்று வரிசையாக எடுத்துவிட்டார்.

“இறங்கி வந்து ஒரு கை பிடிக்கிறீங்களா?” என்று அவள் கேட்டாள்.

அவருக்கு அப்போதுதான் முதுகு வலி ஞாபகம் வந்தது. கையால் இடுப்பைப் பிடித்துக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வினிகர் யோசனை மட்டும் இலவசமாக அங்கேயே தங்கியது.

மாமனார் வாசல் பக்கம் நாற்காலி போட்டு, செய்தித்தாளைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். படித்தாரோ இல்லையோ, குழாய் ‘கிரீச்’ என்ற ஒவ்வொரு தடவையும், தாளுக்குப் பின்னாலிருந்து “வராது” என்றார். ஏழாவது ‘வராது’வில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

“மாமா, ஒரே ஒரு தடவை நீங்க கழட்டிக் குடுங்களேன்.”

“நல்லா இருக்கே! வேணாம்னு சொன்னவன் நான். வேணாம்னு சொன்ன கையாலயே கழட்டிக் குடுக்கணுமா? போம்மா. அது வராது. இறுக்கினது யாருன்னு நினைச்ச?” என்றார். அதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால், கழலாத அந்த நட்டுக்கு யாரோ மாலை போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மணி மூன்றரை. புது டயரைச் சக்கரத்தில் மாட்டித் தருகிற டயர் கடையை ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். அவள் படியில் உட்கார்ந்து கைக் காயத்தில் எண்ணெய் படாமல் துடைத்தாள். நாளைக் காலை ஆறரைக்கு அந்த அம்மாள் வாசலைப் பார்ப்பார், ஆறு நாற்பதுக்கு லிஸ்டைப் பார்ப்பார். அடுத்த பேர் யாரோ ஒருத்தி, அவளுக்கு வண்டி இருக்கும். எட்டு வருஷம் காத்திருந்ததைப் பத்து நிமிஷம் சாப்பிட்டுவிடும்.

இறுக்குகிற பக்கம் பலமாக ஒரு இழுப்பு. பலம் வேண்டும். இறுக்குகிற பலம். இந்தத் தெருவில், ஏன், இந்த ஊரிலேயே, இறுக்குவதற்கென்றே பிறந்த ஒரு கை எங்கே இருக்கிறது? அவள் மெல்லத் திரும்பிச் செய்தித்தாளைப் பார்த்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்! கழற்றும் பக்கம்தானே அவருக்கு ஆகாது?

எழுந்து போய், துணியால் கையைத் துடைத்தபடி, “மாமா, மெக்கானிக் ஒண்ணு சொன்னாரு. உங்க காதுல போட வேணாம்னு பாத்தேன்” என்றாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல, விடுங்க.”

“சொல்லும்மா.”

“இல்ல… இந்த நட்டுல இறுக்கமே இல்லையாம். வெறும் துருவுலதான் நிக்குதாம். யாரோ கைப்பழக்கம் இல்லாதவங்க அரைகுறையா இறுக்கி விட்டிருக்காங்கன்னாரு.”

மெக்கானிக் பாவம், அவன் தலையில் இது இரண்டாவது பழி. செய்தித்தாள் இறங்கியது. பின்னால் இருந்த முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

“எவன்? அந்தத் தகரக் கொட்டகைக்காரனா? அவன் பொறக்கறதுக்கு முன்னாடி பாய்லருக்கு நட்டு போட்டவன் நான்!”

“நான் நம்பல மாமா. ஆனா இன்னும் கால் சுத்து உள்ள போகும்னு அடிச்சுச் சொல்றாரு.”

“கால் சுத்தா? ஒரு நூல் போகாது. கொண்டா அந்த ஸ்பேனரை.”

அறுபத்தொன்பது வயசு. படியேற மூச்சு வாங்குகிறவர். குழாயைப் பிடித்ததும் ஆளே வேறாகிவிட்டார். காலை அகட்டி வைத்தார். ஸ்பேனர் நட்டில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். “அந்தப் பக்கம் போல்ட் தலையைக் கெட்டியா பிடி” என்றார். அவள் பிடித்தாள். முதல் இழுப்பில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தொழில் புத்தி, அதில் எவ்வளவு சுலபமாக இரத்தம் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது இழுப்பில் அவர் பல்லைக் கடித்தார். மூன்றாவது இழுப்பில், காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ‘டக்’ என்றது.

குழாய் ஒரு நூல் நகர்ந்து நின்றது. இரண்டு பேரும் அசையவில்லை. துருத்தூள் கொஞ்சம் தரையில் உதிர்ந்தது.

மாமனார் குழாயிலிருந்து கையை எடுத்தார். அவளைப் பார்த்தார். “ம். இனிமே திருப்பு. வரும்” என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்குத் தெரியுமா மாமா?”

“முப்பத்தொரு வருஷம் நான் மில்லுல என்ன பூப்பறிச்சேனா? இறுக்கிவிட்டா துரு விடும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் இறுக்கினீங்க?”

“அப்புறம்? நான் அரைகுறையா இறுக்கினேன்னு எவனோ ஒருத்தன் சொல்லுவான், கேட்டுட்டு உக்காந்திருக்கணுமா?” என்று சீறினார். நாற்காலிக்குத் திரும்பும்போது விரலை ஆட்டி, “நான் வேணாம்னுதான் சொல்றேன். இப்பவும் வேணாம்தான். இறுக்கினதுதான் நான், கழட்டறது நீ. நாளைக்கு மாத்திப் பேசாத” என்றார்.

“பேசல மாமா” என்றாள் அவள்.

குழாயை மறுபக்கம் இழுத்தாள். நட்டு முனகியது. கால் சுற்று, அரைச் சுற்று. துரு செம்மண்ணாகக் கொட்டியது. பிறகு விரலாலேயே சுழன்றது. உள்ளங்கையில் வந்து விழுந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டித் தட்டி அச்சு போல்ட்டை உருவினாள். செயினை விலக்கிச் சக்கரத்தை வெளியே இழுத்துச் சுவரில் சாய்த்தாள். முழங்கை வரை கரி, நெற்றியில் எண்ணெய், புடவையைச் சொல்லவே வேண்டாம்.

ஸ்கூட்டர் வந்து நின்றபோது மணி நாலே முக்கால். கணவன் இறங்கினான். காலையில் போட்ட இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. பீரோவை ஆட்கள்தான் தூக்கியிருக்க வேண்டும், இவன் ‘பாத்து, பாத்து’ என்றிருப்பான். சக்கரம் இல்லாத வண்டியைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் விழுந்தது. அடுத்த கணமே எடுத்து மாட்டிக்கொண்டான்.

“அட! வந்துட்டானா மெக்கானிக்? காலைல போன் பண்ணி ஒரு பிடி பிடிச்சேன். அதான் ஓடி வந்திருக்கான். சொல்ற விதமா சொன்னா எவனும் வருவான்” என்றான்.

“எத்தனை தடவை சொன்னீங்க அவர்கிட்ட?”

“நாலு தடவை. இன்னைக்கோட அஞ்சு.”

“நேத்து நான் அவர் கடைக்குப் போயிருந்தேங்க” என்றாள் அவள். “ஸ்கூட்டருக்குக் காத்து அடிக்க வருவீங்கன்னு சொன்னாரு. நல்லாப் பேசுவீங்கன்னும் சொன்னாரு. வேற ஒண்ணும் நீங்க சொல்லலையாம்.”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. “அது… சொல்லணும்னுதான் போவேன். அங்க போனதும் மறந்துடும்.”

“டயர் வாங்க மறக்கல. ஆபீஸ்ல சொல்ல மறக்கல. அதை மட்டும் மூணு வாரமா மறந்தீங்க.”

“இப்ப என்ன? கழண்டாச்சு இல்ல? சந்தோஷமான நேரத்துல ஏன் சண்டை?”

“சண்டையா?” அவள் குரல் உயரவில்லை. “மாமா மூஞ்சிக்கு நேரா வேணாம்னாரு. நான் சண்டை போட்டேன், ரெண்டு நாள் பேசல, முடிஞ்சுது. உங்ககூட நான் எப்படிச் சண்டை போடறது? போ போன்னு சொல்லிட்டே இருக்கீங்க. நான் உங்களுக்கு நன்றி வேற சொன்னேங்க. மூணு வாரம் தினம் நன்றி சொன்னேன்.”

நாற்காலியில் செய்தித்தாள் மடங்குகிற சத்தம் கேட்டது. “மெக்கானிக்கிட்ட நீ சொல்லவே இல்லையாடா?” என்று மாமனார் கேட்டார். மகன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். அவர் எதுவோ திட்ட வாயெடுத்தார். வார்த்தை கிடைக்காமல், “சீ” என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போனார். உள்ளே போனவர் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த டயரை உருட்டிக்கொண்டு வந்து மருமகள் பக்கத்தில் நிறுத்தினார். காகிதத்தை அவரே கிழித்தார்.

கணவன் குரலைத் தாழ்த்தி, “நீ போறது எனக்குப் பிடிக்கலதான். ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல” என்றான். எட்டு வருஷத்தில் அவன் சொன்னவற்றில் அவள் சந்தேகப்படாமல் நம்பியது இதைத்தான்.

“அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா என்னைப் பத்தி நீ என்ன நினைப்பே?”

“இப்ப என்ன நினைக்கிறேன்னு கேளுங்க” என்றாள் அவள்.

அவன் கேட்கவில்லை. குனிந்து, துருவும் எண்ணெயும் வழிகிற சக்கரத்தை, வெளுத்த சட்டையோடு சேர்த்து அணைத்துத் தூக்கினான். புது டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் அவனுக்காக நிற்காமல் நடந்தாள். டயர் கடை மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.